பழைய காரில் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஸ்டீரியோ: முதலில் எதை மாற்றுவது?

11 மே 2024, நெல்லிக்குப்பம் வாசகரின் கேள்வி

என்னிடம் இருப்பது 2006ஆம் ஆண்டு வேகன் ஆர். வேலைக்காகக் கடலூர் வழியாகத் தினமும் புதுச்சேரிக்குப் போய் வருகிறேன். வண்டியில் இருக்கும் பழைய கேசட் செட்டில் இப்போது எஃப்.எம். மட்டும்தான் வருகிறது, அதுவும் இரைச்சலோடு. கடையில் விசாரித்தபோது 9 அங்குல ஆண்ட்ராய்டு திரையும் பின் தட்டில் வைக்கும் 600 வாட் ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் சேர்த்து ரூ. 9,500 என்றார்கள். பெரிய திரையும் பெரிய ஸ்பீக்கரும் இருந்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

12 மே 2024

மறுக்கிறேன். அந்தப் பணத்தைப் பின் தட்டில் போடாதீர்கள், முன் கதவுகளில் போடுங்கள்.

ஓட்டுபவரின் காதுக்கு இசை முன்னாலிருந்து வர வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர் சரியாகப் பொருந்திவிட்டால், பாடுபவரின் குரல் டாஷ்போர்டின் நடுவில் நிற்கும். பின் தட்டில் ஓவல் ஸ்பீக்கர் வைப்பது கேசட் காலத்துப் பழக்கம். அன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முன் கதவில் ஸ்பீக்கருக்கு இடமே இருக்காது என்பதால் வேறு வழியில்லாமல் வந்த ஏற்பாடு அது. வேகன் ஆர் போன்ற வண்டியில் பின் தட்டு வெறும் மெல்லிய பலகை. கனமான காந்தம் கொண்ட இரண்டு ஸ்பீக்கரை அதில் திருகினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் பலகை அதிரும் சத்தத்தையும் பாட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். திடீரென பிரேக் பிடிக்கும்போது அந்தப் பலகை பின் இருக்கையில் இருப்பவரின் தலைப்பக்கம் வரக்கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பத்தாயிரத்தை நான் பிரிக்கும் விதம் இது: முன் கதவுகளுக்குப் பெயர் தெரிந்த நிறுவனத்தின் கோஆக்ஸியல் ஸ்பீக்கர் (கூம்பின் நடுவிலேயே உயர்ந்த சுருதிக்கான சிறு ஸ்பீக்கரும் பொருந்தியது) ஒரு ஜோடிக்கு மூவாயிரத்துச் சொச்சம், புளூடூத்தும் யு.எஸ்.பி.யும் உள்ள ஒற்றை டின் செட்டுக்கு (டாஷ்போர்டின் ஒடுக்கமான வாய்க்குரிய அளவு) ஐயாயிரத்தை ஒட்டி. மிச்சம் முழுவதும் வயரிங்குக்கும் கதவு வேலைக்கும். ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் இப்போதைக்கு வேண்டாம். தாழ்ந்த சுருதிக்கென்றே உள்ள சப்வூஃபர் வேண்டவே வேண்டாம்.

12 மே 2024, இரவு

600 வாட் என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் நம்மை மயக்குவது அந்த எண்தான்.

ஸ்பீக்கருக்குச் சக்தி தருவது செட். அதன் அட்டைப்பெட்டியில் 50 வாட் × 4 என்று அச்சிட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட், கார் ஸ்பீக்கர் பொதுவாக 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 52 வருகிறது. ஒலி அலையின் தலையும் அடியும் முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில்தான், அதாவது காது கொடுத்துக் கேட்கவே முடியாத அளவுக்குச் சிதைந்த பிறகுதான், அந்த 50 வாட் வெளியே வரும். சிதையாத அலைக்கு அதில் பாதி, 26. உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐ.சி. சில்லின் இழப்பும் போனால் கைக்கு வருவது 18 முதல் 22 வாட் வரை. எந்த நிறுவனத்தின் சாதாரண செட்டாக இருந்தாலும் இதுதான் நிலை, ஏனென்றால் எல்லாமே அதே 12 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் எடுக்கின்றன.

சந்தேகம் இருந்தால் செட்டின் பின்புறம் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 10 ஆம்பியர் ஃப்யூஸ்தான் இருக்கும். 14.4 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வாட். அதில் ஒரு பங்கு வெப்பமாகவும் போகிறது. பிறகு நான்கு வாயிலிலும் சேர்த்து 200 வாட் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்?

ஆகவே ஸ்பீக்கர் வாங்கும்போது உச்ச வாட்டை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். வாட்டையும் (தொடர்ந்து தாங்கும் சக்தி), அதைவிட முக்கியமாக சென்சிடிவிட்டி என்ற எண்ணையும் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் தருகிறது என்பதே அது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபல் ஸ்பீக்கரைத் தேர்ந்தால், செட்டின் சக்தியை இரண்டு மடங்காக்கிய பலன் ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும். ஆம்ப் இல்லாத வண்டிக்கு இந்த ஓர் எண்தான் உயிர்.

15 மே 2024

வாங்கும் முன் அளக்க வேண்டியவை இரண்டு. கதவின் துளைக் குறுக்களவு ஒன்று. கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட்டு, துளையிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழம் மற்றொன்று. கண்ணாடி மேலே இருக்கும்போது அளந்துவிட்டு வாங்கினால், மாட்டிய பிறகு கண்ணாடி காந்தத்தில் இடிக்கும். ஆழம் போதாவிட்டால் வளையம் ஒன்று வைத்து ஸ்பீக்கரைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, வண்டியின் உட்பக்கமாகத் தள்ளி மாட்டலாம். கதவு பேட், அதாவது கதவின் உட்புற மூடி, அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டாஷ்போர்டின் வாய் ஒற்றை டின் என்றால் 180 × 50 மில்லிமீட்டர், இரட்டை டின் என்றால் 180 × 100. ஒற்றை டின் வாயில் 9 அங்குலத் திரையை எப்படி நிற்க வைக்கப்போகிறார்கள் என்று அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள். டாஷ்போர்டை அறுப்பதாக இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

19 மே 2024

கதவு வேலைக்கு எதற்காகக் காசு ஒதுக்கச் சொன்னேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பேச ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளவும்.

என் 2005 சான்ட்ரோவின் கதவு பேடை முதலில் கழற்றியபோது, பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு விளிம்பு விரல் பட்டதுமே கருந்தூளாக உதிர்ந்தது. தொட்டால் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும் தூள். கடற்காற்றும் வெயிலும் அதைத் தின்றிருந்தன. கூம்பைப் பிடித்து நிறுத்த விளிம்பே இல்லாத ஸ்பீக்கரில் என்ன பேஸ் வரும்? ஸ்பீக்கருக்குப் பின்னால் இன்னொன்றையும் கண்டேன். கதவின் உட்பக்கத் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் பாதி கிழிந்த பாலித்தீன் தாள்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. முன்னால் எழும் அலையும் பின்னால் எழும் அலையும் நேரெதிரானவை. பின்பக்க அலை அந்த ஓட்டைகள் வழியாகச் சுற்றி வந்து முன்பக்க அலையோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் அழிவது தாழ்ந்த சுருதிகள்தான். தவிலும் பேஸ் கிடாரும் காணாமல் போய்விடும். நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் பேஸ் இல்லையே என்று வருந்துபவர்களில் பலருடைய வண்டியில் குறை ஸ்பீக்கரில் இருக்காது, கதவில்தான் இருக்கும். மிருதங்கத்துக்குப் பண்ருட்டிப் பலாக்கட்டை எப்படியோ, கதவு ஸ்பீக்கருக்குக் கதவு அப்படி.

ஓட்டைகளை பியூட்டைல் ஷீட் கொண்டு மூடுங்கள். ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பசையும் உள்ள கரிய ஷீட் அது. முதலில் தகட்டை பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காயவிட வேண்டும். பிறகு சின்ன உருளையாலோ கரண்டிக் காம்பாலோ அழுத்தி அழுத்தி ஒட்ட வேண்டும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டிலும் ஓர் அகலத் துண்டு ஒட்டினால், கதவை மூடும் சத்தமே மாறிவிடும். தகர ஓசை போய் அடங்கின ஓசை வரும். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் தொடவே கூடாது.

ஸ்பீக்கர் வளையத்துக்கு எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) வேண்டாம். ஒரே மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிவிடும். தச்சரிடம் மரைன் பிளைவுட்டில் வெட்டித் தரச் சொல்லி, இரண்டு கை பெயின்ட் அடித்து மாட்டுங்கள். அதற்கும் தகட்டுக்கும் இடையில் ஃபோம் பீடிங் ஒரு சுற்று ஒட்டிவிட்டால் காற்றுக் கசிவு இருக்காது.

26 மே 2024

கேசட் காலத்து வயரிங்கில் ஓர் ஆபத்து உண்டு, அதை வயர் வெட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

பழைய செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வண்டியின் எர்த்துக்கு, அதாவது உடல் தகட்டுக்கு, போகும். இன்றைய செட்டில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயருமே உள்ளிருக்கும் ஆம்ப்பின் வாயில்கள். எதுவுமே எர்த் இல்லை. பழைய வயரிங்கில் அப்படியே புதிய செட்டைச் சொருகினால், நல்ல செட்டாக இருந்தால் பாதுகாப்புக்காக அடங்கிப்போகும், மலிவானதாக இருந்தால் அவுட்புட் ஐ.சி. கருகிவிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து தனித்தனியே இரண்டு புதிய வயர் இழுப்பதே பாதுகாப்பு. 1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் தாராளமாகப் போதும். செம்பு பூசிய அலுமினிய வயர் விலை குறைவு என்று தலையில் கட்டுவார்கள். நம் கரையோர ஈரத்தில் அது சீக்கிரமே வெளுத்துப் பொடியாகும்.

நிறங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நேரடி பேட்டரி, செட்டின் நினைவுக்கானது. சிவப்பு, சாவி திருப்பினால் மின்சாரம் வருவது. கறுப்பு எர்த். வெள்ளை முன் இடம், சாம்பல் முன் வலம், பச்சை பின் இடம், ஊதா பின் வலம். அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். வேலையை எளிதாக்க மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் செட் விழித்திருக்கும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியை சில நாட்களில் கீழே இறக்கிவிடும்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதை ஏற்காதீர்கள். மே மாத வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கிவிடும். பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள், அல்லது உங்கள் வண்டிக்குரிய கப்ளர் (சொருகி இணைக்கும் பிளக்) கேட்டு வாங்குங்கள். கப்ளர் இருந்தால் பழைய வயரை வெட்டவே வேண்டாம். வண்டியை விற்கும்போது பழைய செட்டையே திரும்பச் சொருகிக் கொடுத்துவிடலாம்.

2 ஜூன் 2024

பிரான்சில் இருக்கும் உறவினரோ அமெரிக்காவில் இருக்கும் மகனோ கொடுத்த செட்டை மாட்டலாமா என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. புதுச்சேரியில் இந்தக் கேள்வி இயல்பானது, ஞாயிற்றுச் சந்தையிலும் இத்தகைய செட்டுகள் கண்ணில் படுகின்றன. பாட்டு கேட்பதில் சிக்கல் இல்லை, வானொலியில்தான் சிக்கல்.

அமெரிக்க முறையில் அமைந்த செட் எஃப்.எம்.மில் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாண்டித் தாண்டிப் போகும், அதுவும் ஒற்றைப்படையில் முடியும் எண்களில் மட்டுமே நிற்கும். 102.7இல் நிற்கும், 102.9இல் நிற்கும், புதுச்சேரி ரெயின்போ நிலையம் இருக்கும் 102.8இல் நிற்காது. பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி 107.8, அதுவும் கிடைக்காது. மத்திய அலையில் அமெரிக்க செட் பத்துப் பத்தாகத் தாவும், நம் நாட்டு ஏற்பாடு ஒன்பது ஒன்பதாக. புதுச்சேரி வானொலிக்குரிய 1215 கிலோஹெர்ட்ஸ் ஒன்பதால் வகுபடும் எண். 1210க்கும் 1220க்கும் நடுவில் அது மாட்டிக்கொள்ளும். சென்னையின் 720 இரண்டு முறைக்கும் பொதுவான எண் என்பதால், அது கிடைக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. சில செட்டுகளில் பகுதியை மாற்றும் வசதி மெனுவில் இருக்கும். வாங்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

ஐரோப்பிய செட்டுகளின் அலைத் தாவல் நமக்குப் பொருந்தும். ஆனால் காரோடு வந்து கழற்றப்பட்ட பிரெஞ்சு செட்டுகளில் நான்கிலக்க ரகசிய எண் கேட்கும். அது தெரியாமல் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டால் செட் பூட்டிக்கொள்ளும். ஜப்பானிலிருந்து வரும் பழைய செட் வானொலிக்கு உதவாது, அவர்களுடைய எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி நம் நிலையங்கள் இருக்கும் இடத்தை எட்டும் முன்பே முடிந்துவிடும்.

16 ஜூன் 2024

திரை வேண்டாம் என்று நான் நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் என் பட்டியலில் திரையே இல்லாததைக் கண்டு ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவருடைய வாதம் நியாயமானது: வயதான கண்களுக்குப் பின்பக்கக் கேமரா பெரிய உதவி.

இருந்தாலும் பத்தாயிரத்துக்குள் என்றால் என் பதில் மாறவில்லை. மலிவான ஆண்ட்ராய்டு செட்டில் பணம் திரைக்குப் போய்விடும். ஒலிக்கும் வானொலிக்கும் மிஞ்சுவது சொற்பம். சாவி திருப்பியதும் அது விழித்தெழக் காத்திருக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் நண்பகலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில் கை வைத்துப் பாருங்கள், அந்தச் சூட்டில் தினமும் வேகும் திரைப் பசை எத்தனை கோடைக்குத் தாங்கும் என்று புரியும். வழிகாட்ட கைப்பேசி இருக்கிறது. கேமரா கட்டாயம் வேண்டும் என்றால், உள்கண்ணாடியிலேயே சிறு திரை வைத்த தனிக் கேமரா கிடைக்கிறது. செட்டோடு அதை முடிச்சுப் போட வேண்டியதில்லை.

செட்டே மாற்ற வசதியில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய செட்டில் ஆக்ஸ் வாய் (வெளியிலிருந்து ஒலி வயர் சொருகும் இடம்) இருந்தால், சில நூறு ரூபாய் புளூடூத் ரிசீவர் ஒன்று போதும். மீதிப் பணம் அப்படியே கதவுக்குப் போகட்டும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கடைசி வழி. பக்கத்து நிலையம் அதன் மேல் ஏறிக்கொண்டே இருக்கும்.

7 ஜூலை 2024

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'உய்ய்' என்ற ஓசை ஏறுகிறது என்று எழுதியிருப்பவருக்கு: அது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ஓசை, பெரும்பாலும் எர்த் வழியாக வருவது.

என் வண்டியில் இதே ஓசை வந்தபோது, செட்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். முதலியார்பேட்டையில் பல காலமாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். செட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, செட்டுல ஒண்ணும் இல்ல, எர்த்துலதான் கோளாறு. உப்புக்காத்து தின்னுருக்கு பாருங்க" என்றார். டாஷ்போர்டுக்கு உள்ளே எர்த் வயர் திருகியிருந்த இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, வயர் நுனியில் புதிய லக் (இணைப்பு வளையம்) பற்றவைத்து இறுக்கி, மேலே வாசலின் பூசினார். ஓசை அடங்கியது. அவர் வாங்கிய கூலியைவிட அவர் கற்றுக்கொடுத்தது எனக்குப் பெரிது.

ஏரியலின் அடியிலும் இதே பூப்பு பிடிக்கும். எஃப்.எம். இரைகிறது என்று நெல்லிக்குப்பம் நண்பர் முதலில் எழுதியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். செட்டைப் பழிக்கும் முன் ஏரியலைக் கழற்றி, அதன் எர்த் வளையத்தைத் தேய்த்துப் பாருங்கள்.

கைப்பேசியைச் சார்ஜரில் போட்டு ஆக்ஸ் வயரையும் சொருகியிருக்கும்போது மட்டும் ஓசை வந்தால், அது எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வருவது. கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சிறு உருளை விற்கிறார்கள், ஆக்ஸ் வயரின் நடுவில் சேர்த்தால் போதும்.

21 ஜூலை 2024

பின் ஸ்பீக்கர் தேவையே இல்லை என்ற தொனியில் மே மாதம் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

இப்போது அப்பாவைக் கண் மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துச் செல்கிறேன். அவர் பின் இருக்கையில்தான் உட்காருவார். செய்தி அறிக்கை அவர் காதுக்கு எட்ட வேண்டும் என்று நான் கூட்டினால், முன்னால் என் காது அதிர்கிறது. இந்தச் சூழலுக்குப் பின் கதவுகளில் 4 அங்குலச் சிறு ஸ்பீக்கர் ஒரு ஜோடி நியாயமான செலவு. குரல் தெளிவாகக் கேட்க அது போதும். ஒலியை முன்னுக்கும் பின்னுக்கும் பகிரும் செட்டின் ஃபேடரை முன்பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, அவர் ஏறும்போது மட்டும் நடுவுக்குக் கொண்டுவருகிறேன். பின் இருக்கையில் வழக்கமாக யாராவது உட்காரும் வண்டி என்றால் பின் ஸ்பீக்கரும் வேண்டும். தனியாக ஓட்டுபவருக்கு வேண்டாம். தட்டில் ஓவல் வைப்பதைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

18 ஆகஸ்ட் 2024

நெல்லிக்குப்பம் நண்பர் முன் கதவு ஸ்பீக்கரும் ஒற்றை டின் செட்டும் மாட்டிவிட்டார், மகிழ்ச்சி. ஆனால் கதவின் ஓட்டைகளை அடைத்தும் பேஸ் வரவில்லை, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை என்கிறார். இரண்டில் ஒரு ஸ்பீக்கர் பிளஸ் மைனஸ் மாறி இணைந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் தாழ்ந்த சுருதிகள் நடுவழியில் அழிந்துவிடும்.

சோதிப்பது எளிது. பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் திருப்பிக் கேளுங்கள், பிறகு நடுவில் வைத்துக் கேளுங்கள். ஒன்று மட்டும் பாடும்போது இருக்கும் பேஸ், இரண்டும் சேர்ந்து பாடும்போது குறைந்தால் ஐயமே இல்லை. உறுதி செய்ய, செட்டிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைப் பிரித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை அவற்றில் ஒரு கணம் தொடுங்கள். பிளஸ் பிளஸில் பட்டால் மெல்லிய 'டப்' என்ற ஓசையோடு கூம்பு வெளியே எழும்பும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது.

25 ஆகஸ்ட் 2024

வலக் கதவில்தான் மாறியிருந்ததாம். சரிசெய்ததும் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

இனி செலவில்லாத இன்னொரு வேலை. செட்டின் மெனுவில் ஹெச்.பி.எஃப். என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். கதவு ஸ்பீக்கர் தூக்க முடியாத மிகத் தாழ்ந்த ஓசைகளை அது தடுத்துவிடும், கூம்பு வீணாகத் துடிக்காது, அதே ஒலியளவில் குரலும் நாகஸ்வரமும் தெளிவாகும். பேஸை ஏற்றிவிட்டு லவுட்னஸையும் போடுவது வேண்டாம். 20 வாட்டில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். கைப்பேசியின் ஒலியளவை முழுதாக வைத்துக்கொண்டு, ஏற்றி இறக்குவதைச் செட்டில் செய்யுங்கள். பென் டிரைவை செட் படிக்கவில்லை என்றால் அதை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்து பாருங்கள்.

8 டிசம்பர் 2024

புயலுக்குப் பிறகு இன்றுதான் இங்கே எழுத முடிகிறது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் பக்கம் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரையும் விடவில்லை. எங்கள் தெருவில் நின்ற வண்டிகளில் பாதிக்கு உள்ளே தண்ணீர்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆம்ப்பும் அடக்கமான சப்வூஃபரும் வாங்கலாமா என்று முன்பு கேட்டவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரின் வண்டியில் சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப் சேற்று நீரில் முழுதாக மூழ்கிவிட்டது. என் வண்டியில் தரைவிரிப்பு நனைந்தது. செட்டும் ஸ்பீக்கரும் உயரத்தில் இருந்ததால் தப்பின.

தண்ணீர் ஏறிய வண்டியில் செட்டை உடனே போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். கதவு பேடை எடுத்து, அடிவிளிம்பின் வடிகால் துளைகளில் சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். ஸ்பீக்கரை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் என்றால் பிழைக்க வாய்ப்பு உண்டு, காகிதக் கூம்பு என்றால் வளைந்திருக்கும். கப்ளர்களைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, முற்றிலும் உலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு மாட்டினால் பொங்கலுக்குள் பச்சை பூத்துவிடும்.

12 ஜனவரி 2025

நண்பரின் வேகன் ஆரில் கதவின் பாதி வரை தண்ணீர் ஏறியிருந்ததாம். ரப்பர் விளிம்பு ஸ்பீக்கர் இரண்டும் பிழைத்துவிட்டன. மரைன் பிளைவுட் வளையமும் உப்பவில்லை. ஷீட் ஓரிடத்தில் மட்டும் உரிந்திருக்கிறது.

இனி ஆம்ப் சேர்க்கலாமா என்பது அவருடைய புதிய கேள்வி. நெடுஞ்சாலையில் கண்ணாடி இறக்கி ஓட்டும்போது மட்டும் ஒலி போதவில்லை என்றால், இன்னும் ஓர் ஆண்டு பொறுங்கள் என்பேன். கண்ணாடி ஏற்றியிருக்கும்போதும் போதவில்லை என்றால், சேனலுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். உள்ள இரண்டு சேனல் ஆம்ப் போதும். நான்கு சேனல் வேண்டாம். பேட்டரியிலிருந்து 8 கேஜ் தடிமனுள்ள முழுச் செப்பு வயர், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ், எர்த்துக்கும் அதே தடிமன், செட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஒலி கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயர் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக. சீட்டுக்கு அடியில் வேண்டாம், டாஷ்போர்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் பின் இருக்கையின் முதுகுப்புறத்தில் உயரமாகத் திருகச் சொல்லுங்கள். உரிந்த ஷீட்டை ஒட்டுவதை முதலில் முடித்துவிடுங்கள்; தகட்டைத் துடைத்து, இரண்டு நாள் வெயில் பட்டபின் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும்.